தினைப்புனத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு: சிவகாசி விஸ்வநாததாஸும் நம்ம மூளைக்குள்ள ஓடும் தாளமும்

உங்க வாட்ஸ்அப்ல நீளமா ஒரு வாய்ஸ் நோட் காத்துக்கிட்டு இருக்கும், பாருங்க. அதை இரண்டு மடங்கு வேகத்துல கேளுங்க. குரல் கொஞ்சம் வேடிக்கையா இருக்கும், ஆனா விஷயம் புரிஞ்சிடும். அதையே ஒரு எடிட்டிங் ஆப்ல போட்டு மூணு மடங்காக்கினா? ஏதோ ஈ பறக்கிற சத்தம்தான் மிஞ்சும்.

இந்த மூணு மடங்கு விளையாட்டை 2009-ல் அமெரிக்காவில் ஆய்வாகவே செஞ்சிருக்காங்க. வேகமாக்கின பேச்சைக் குட்டிக் குட்டித் துண்டா நறுக்கி, நடுநடுவே மௌனத்தைச் சொருகினாங்க. புதுசா ஒரு வார்த்தைகூடச் சேர்க்கலை, வெறும் இடைவெளிதான். அவ்வளவுலயே புரிதல் கணிசமா திரும்பிடுச்சு. அப்போ காதுக்குள்ள சத்தம் போனா மட்டும் போதாது. மூளை எதிர்பார்க்கிற தாளத்துல போகணும்.

இது எனக்கு நினைவுக்கு வந்த இடம் ஆய்வகம் இல்லை. மல்லாங்கிணறு. விருதுநகர்லேர்ந்து காரியாபட்டி போற வழியில இருக்கிற ஊர். அந்தப் பக்கத்துல ஒரு பங்குனிப் பொங்கலுக்குப் போயிருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல ‘வள்ளி திருமணம்’ நாடகம். ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். ஒரு பக்கம் வேட்டுச் சத்தம், இன்னொரு பக்கம் ராட்டினத்துக்காரர் மைக். விடிய விடிய இந்த இரைச்சலுக்கு நடுவே முன்வரிசைப் பாட்டிகள் பாட்டுல ஒரு சொல்லைக்கூடத் தவறவிடலை. எனக்குப் பாதிதான் பிடிபட்டது. பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், விஸ்வநாததாஸ் காலத்துல மைக்கே கிடையாதுன்னு சொல்லிட்டு வெத்தலையை மடிக்க ஆரம்பிச்சார்.

யார் அந்த விஸ்வநாததாஸ்? இந்த மண்ணுக்காரர்தான். 1886 ஜூன் 16-ம் தேதி சிவகாசியில் பிறந்தவர். அப்போ சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வரவே இன்னும் 30 வருஷத்துக்கு மேல பாக்கி. பிறகு குடும்பம் திருமங்கலத்தில் நிலைத்தது. மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அந்தச் சமூகத்தை ஊர் எப்படி நடத்தியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சிறுவயதிலேயே குரல் அவரை மேடைக்கு இழுத்துவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்கள் தென்மாவட்டங்களில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. அந்த மேடையில் முதல் தகுதியே குரல்தான். மைக் இல்லாததால், ஹார்மோனியத்தில் உச்சக் கட்டையில் சுருதி வைத்து, கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் கேட்கப் பாட வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சொல் போய்ச் சேர வேண்டும்.

இங்கேதான் மூளைக் கதை உள்ளே வருது.

தமிழ், ஆங்கிலம், சீனம், எந்த மொழியா இருந்தாலும் மனுஷப் பேச்சுல ஒலி ஏறி இறங்குறது ஏறக்குறைய ஒரே வேகத்துலதான். விநாடிக்கு நாலிலிருந்து ஐந்து முறை. கிட்டத்தட்ட ஒவ்வொரு அசைக்கும் ஒரு ஏற்றம்னு வச்சுக்கோங்க (பள்ளிக்கூடத்துல நேர், நிரைன்னு அசை பிரிச்சு அலுத்துப்போனவங்க இப்போ கொஞ்சம் மன்னிச்சுடலாம்). மூளையில் ஒலியைக் கவனிக்கும் பகுதியில் விநாடிக்கு 4 முதல் 8 முறை துடிக்கும் மின்னலை ஒண்ணு இருக்கு. தீட்டா அலைன்னு பேர். நீங்க ஒருத்தர் பேச்சைக் கவனிக்கும்போது இந்த அலை அந்தப் பேச்சோட ஏற்ற இறக்கத்தோட சேர்ந்து நடக்க ஆரம்பிக்குது. இதைவிட மெதுவான அலைகள் சொற்றொடர்களோடும், வேகமான அலைகள் எழுத்தொலிகளின் நுணுக்கத்தோடும் சேர்ந்து போகின்றன. திருவிழாக் கூட்டத்தில் பத்துப் பேர் பேசினாலும், நீங்க யாரைக் கவனிக்கிறீங்களோ அவர் குரலைத்தான் அலை அதிகம் பின்தொடரும். பாட்டிகளின் ரகசியம் புரியுதா? அந்த அலைதான் புரிதலை உண்டாக்குதா, இல்லை புரிதலின் நிழலா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை நடக்குது. அது நடக்கட்டும்.

பாட்டு இதைவிட நிதானம். இசையின் ஏற்ற இறக்கம் விநாடிக்கு ஏறக்குறைய இரண்டுதான். தாளம் பிடிபட்டதும் மூளை அடுத்த அடி எங்கே விழும்னு முன்கூட்டியே காத்திருக்கத் தொடங்கிடும். கை கால் அசையாம உட்கார்ந்திருந்தாலும், அசைவைக் கவனிக்கும் பகுதிகள் உள்ளே வேலை செய்யும். 2011-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் ஒரே மாதிரியான தட்டலைக் கேட்கவிட்டு, மனசுக்குள்ள அதை இரண்டிரண்டாகவோ மும்மூன்றாகவோ எண்ணச் சொன்னார்கள். காதுக்குப் போன ஒலி ஒன்றுதான். ஆனா, எண்ணினபடி மூளையலையில் வேறு வேறு தாளம் பதிவாச்சு. தகதிமியும் தகிடவும் வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும் ஓடுது.

சரி, விஸ்வநாததாஸுக்கு வருவோம். 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலாபாக். அதற்குப் பிறகு அவர் மேடை மாறிவிட்டது. பஞ்சாப் படுகொலையைப் பாட்டாக்கி மதுரைப் பக்கத்து ஊர்களில் பாடினார். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றவர்கள் அந்தக் கால மேடைக்குத் தேசியப் பாடல்களை எழுதிக் குவித்தார்கள். பளபளக்கும் பட்டுக்குப் பதில் கதர் உடுத்திக்கொண்டு மேடையேறினார் விஸ்வநாததாஸ். ஜரிகை இல்லாத முருகன்!

வெள்ளைக்காரர்கள் கையில் 1876-லேயே போட்ட நாடகச் சட்டம் இருந்தது. அரசுக்கு எதிரான நாடகத்தைத் தடுக்கலாம். ஆனால் வள்ளி திருமணத்தை எப்படித் தடுப்பது? அதில் வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சி வரும். அந்த இடத்தில் விஸ்வநாததாஸ் ஒரு கொக்கைப் பறக்கவிட்டார். வெள்ளைக் கொக்கு! எங்கிருந்தோ வந்து நம்ம விளைச்சலைத் தின்கிற கொக்கு. கேட்ட ஒவ்வொருத்தருக்கும் அது யாரென்று தெரியும். குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த போலீஸ்காரருக்கும் தெரியும்.

யோசிச்சுப் பாருங்க. கூட்டத்தில் பாதிக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ரேடியோ ஊருக்குள் வரவில்லை. துண்டறிக்கை அடித்தால் பறிமுதல். ஆனால் தாளத்தோட தலைக்குள்ள போன பாட்டை எந்தச் சட்டத்தை வச்சுப் பறிக்கிறது? மறுநாள் களையெடுக்கிற பெண்களும் வண்டியோட்டிகளும் அதையே முணுமுணுப்பாங்க. எனக்கு ஒண்ணு தோணுது: அரசு பயந்தது அந்தப் பாட்டின் அர்த்தத்துக்கு மட்டும் இல்லை, அது ஒட்டிக்கிற விதத்துக்கும்தான். அவரை மறுபடி மறுபடி பிடித்துச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தார், பாடினார், உள்ளே போனார். மகன் சுப்பிரமணியதாஸும் அதே வழியில் சிறை கண்டார்.

அதே 1920களில்தான் ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர், மண்டையோட்டில் ஆபரேஷன் நடந்திருந்த ஓர் இளைஞரின் தலையில் மின்வாய் வைத்து, மனித மூளையின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். வருஷம் 1924. நம்பலாமா வேண்டாமா என்ற தயக்கத்திலேயே ஐந்து வருஷம் கழித்து 1929-ல் வெளியிட்டார். அங்கே ஒருத்தர் மூளை துடிக்குதான்னு தேடிக்கிட்டிருந்தப்போ, இங்கே ஒருத்தர் ஆயிரம் பேர் தலையை ஒரே தாளத்துல ஆட வச்சுக்கிட்டிருந்தார்.

ஆனா, இந்தக் கதையில என்னைத் தூங்கவிடாத பகுதி வேற. சாதியைக் காரணம் காட்டி அவரோடு ஜோடியாக நடிக்கப் பல நடிகைகள் மறுத்தார்கள். அவர் முருகன் என்றால் தாங்கள் வள்ளியாக மாட்டோம் என்றார்கள். குரல் வேண்டும், ஆள் வேண்டாம். ஊர் ஊராகக் கைதட்டல் வாங்கிய மனிதருக்கு மேடையில் பக்கத்தில் நிற்க ஆள் தேட வேண்டியிருந்தது. எம்.ஆர்.கமலவேணி முன்வந்து அவரோடு நடித்தார். பின்னாளில் விடுதலைப் போராட்ட வீராங்கனையாகவும் பொதுவுடைமை இயக்கத் தலைவராகவும் அறியப்பட்ட கே.பி.ஜானகியம்மாளும் அவரோடு மேடையேறியவர்தான்.

சிறைக்குப் போய்ப்போய் வருமானம் நின்றது. கடன் ஏறியது. உடம்பும் விட்டுக்கொடுக்க ஆரம்பித்தது. 1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். வள்ளி திருமணம். முருகன் வேடத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவர் பாட்டின் நடுவிலேயே சாய்ந்தார். வயசு 54. அந்த வேடம் கலையாமலேயே ஊர்வலமாக எடுத்துப்போனதாக நாடகக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

பாட்டு நடுவில் நின்றால் கேட்கிறவர் மூளை அடுத்த அடிக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். அடி விழவேண்டிய இடத்தில் மௌனம் இருந்தாலும் மூளை அந்த இடத்தில் ஒரு சலனம் காட்டுது. இது பல முறை அளந்து பார்த்த விஷயம். அந்த ராத்திரி ராயல் தியேட்டரில் இருந்தவர்களை நினைச்சுப் பாருங்க.

மல்லாங்கிணறு நாடகத்தில் அன்னைக்கு வள்ளி பறவை விரட்டும்போது மணி இரண்டு இருக்கும். கொக்குப் பாட்டு வரலை, ஒரு சினிமா மெட்டுதான் வந்தது. வெத்தலைப் பெரியவர் மட்டும் துண்டுக்குள் கையை விட்டுத் தொடையில் வேற ஒரு தாளத்தைத் தட்டிக்கிட்டிருந்தார்.

விருதுநகர்லேர்ந்து மதுரை பஸ் ஏறினா வழியில திருமங்கலம் வரும். அங்கே விஸ்வநாததாஸ் நினைவு இல்லம் இருக்கு. அடுத்த முறை அந்த வழியாப் போனா இயர்போனைக் கழற்றிட்டு இறங்கிப் பாருங்க.