நாணற்கோலின் மன்னர் மீர் இமாத்

இறைமறையின் முதல் வெளிப்பாட்டிலேயே எழுதுகோல் இடம்பெற்ற சிறப்பால், இஸ்லாமிய உலகில் எழுத்து கருத்தைச் சுமக்கும் கருவியாக மட்டும் நில்லாது, கண்ணுக்கு விருந்தளிக்கும் கலையாகவும் வளர்ந்தது. திருக்குர்ஆன் பிரதிகளுக்கு நஸ்க் முதலிய எழுத்து வகைகள் பெரிதும் பயன்பட்டன. பாரசீகக் கவிதைக்கு உகந்ததாக 14ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது நஸ்தலீக். வலமிருந்து இடமாகச் சரிந்திறங்கும் சொற்களும், நீண்டு வளையும் கோடுகளும் உடைய அவ்வெழுத்தை உச்சத்திற்கு உயர்த்திய பெருமகனார் மீர் இமாத் அல்-ஹஸனீ ஆவார்.

ஈரானின் கஸ்வீன் நகரில் 1554ஆம் ஆண்டளவில் பிறந்த அவர், தப்ரீஸில் முஹம்மது ஹுஸைன் என்னும் ஆசானிடம் பயின்றார். உதுமானியர் ஆட்சிப் பகுதிகளுக்கும் பயணம் செய்து திரும்பினார். நஸ்தலீக்கில் ஒவ்வோர் எழுத்துக்கும் அளவுண்டு. கோலின் முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோல். அலிஃபின் உயரம் மூன்று புள்ளிகள். இவ்வளவு கைவரப் பெறும்வரை ஒரே எழுத்தைத் தாள் கறுக்கும் அளவிற்கு எழுதிப் பழகுவர். அத்தகைய பயிற்சித் தாள்களும் மீர் இமாதின் கைப்பட்டுக் கலைப்படைப்புகளாயின. நான்கு அடிகளைத் தாளில் சாய்வாக எழுதும் சலீபா வகையிலும் அவருக்கு நிகரானோர் அரியர்.

மன்னர் ஷா அப்பாஸ் இஸ்ஃபஹானைத் தலைநகராக்கியபின், மீர் இமாத் அங்குச் சென்று அரசவையில் இடம்பெற்றார். ஷேக் லுத்ஃபுல்லாஹ் பள்ளிவாசலின் கல்வெட்டெழுத்துகளை வரைந்த அலீ ரிஸா அப்பாஸீயும் அங்கிருந்தார். இருவரிடையே போட்டி முற்றியது. மன்னரின் ஆதரவு மெல்ல அலீ ரிஸாவின் பக்கம் சாய்ந்தது.

ஷாஹ்நாமாவை எழுதித் தருமாறு மன்னர் எழுபது தூமான் அனுப்பினார் என்றும், ஓராண்டு கழித்து மீர் இமாத் எழுபது ஈரடிகளையே எழுதி அளித்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. சினமுற்ற மன்னர் பொருளைத் திரும்பக் கேட்கவே, அவர் அத்தாளைத் துண்டுகளாக்கினார். மாணவர்கள் துண்டொன்றுக்கு ஒரு தூமான் கொடுத்து உடனே பெற்றுக்கொண்டனராம். கதையாயினும், கலையின் மதிப்பை அரியணை நிர்ணயிக்க இயலாது என்ற அவரது உறுதியை இது காட்டுகிறது.

அவ்வுறுதிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. சமயக் கொள்கையில் அரசவைக்கு மாறானவர் என்ற பழியும் அவர்மீது சுமத்தப்பட்டது. 1615ஆம் ஆண்டு இஸ்ஃபஹானில் இரவுவேளையில் அவர் கொல்லப்பட்டார். மன்னரின் குறிப்பறிந்தே இது நிகழ்ந்ததெனப் பலர் கருதுவர். செய்தியறிந்த மொகலாய மன்னர் ஜஹாங்கீர் பெரிதும் வருந்தினார் என்பர்.

அவர்தம் உறவினரும் மாணவருமான அப்துர் ரஷீத் தைலமீ இந்தியா வந்து, ஷாஜஹானின் அவையில் இடம்பெற்று, இளவரசர் தாரா ஷிகோவுக்கு எழுத்துக்கலை கற்பித்தார். மீர் இமாதின் தாள்கள் பல 18ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற ஓர் அழகிய ஏட்டில் இடம்பெற்று, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பாதுகாக்கப்படுகின்றன. நம் நாட்டில் உருது நூல்கள் தாங்கிவரும் எழுத்தும் அந்த நஸ்தலீக்கே.

கொலையாளியின் வாள் ஒரு கையை ஓய்வித்தது. அக்கை வகுத்த கோடோ மாணவர் வழியே நாடு கடந்து வாழ்ந்தது. அறிவைத் தமக்குள் அடக்காது பிறருக்கு வழங்கிய ஆசான்களுக்கு மறைவில்லை என்பதற்கு மீர் இமாதின் வாழ்வே சான்று.