இதழாசிரியர் வை.மு. கோதைநாயகி அம்மாள்

நுழையும்முன்

எழுதக் கற்பதற்கு முன்பே கதை சொல்லத் தெரிந்தவர்கள் நம் மண்ணில் பலர். அவர்தம் கதைகளுள் பெரும்பாலானவை ஏட்டில் ஏறாமலே மறைந்தன. எழுத்தறியாத நிலையில் முதல் நூலைப் படைத்து, பின்னர் முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் இதழைத் தாங்கி நின்ற பெண்மணியின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

கோதைநாயகி 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பிறந்தார். ஒரு வயதிலேயே தாயை இழந்து உறவினரின் அரவணைப்பில் வளர்ந்தார். அவ்வாண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் ஆயிரம் பெண்களுள் ஏறத்தாழ அறுவரே எழுத்தறிந்தவர். அக்கால வழக்கப்படி, ஆறு வயது நிரம்புமுன்பே சென்னைத் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த பார்த்தசாரதி என்பவருக்கு மணம் செய்விக்கப்பட்டார். பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. புகுந்த வீட்டின் குடிப்பெயரான வைத்தமாநிதி முடும்பை என்பதன் சுருக்கமே அவர் பெயருக்கு முன் நிற்கும் வை.மு. என்னும் எழுத்துகள்.

புகுந்த வீடே அவருக்குப் பள்ளியாயிற்று. செவிவழியாகப் பாசுரங்களைக் கற்றார். மாமியாரிடம் தெலுங்கு பயின்றார். வீட்டுப் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு நாளும் புதுப்புதுக் கதைகளைப் புனைந்து கூறினார். மனைவியின் ஆற்றலை உணர்ந்த கணவர், அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். அதன் பயனாக நாடகம் ஒன்று கோதைநாயகியின் உள்ளத்தில் உருவாயிற்று. கோவையாக எழுதும் பயிற்சி இல்லாததால், அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். ‘இந்திரமோகனா’ என்னும் அந்நாடகம் 1924இல் அச்சேறியது. அதன்பின் கோதைநாயகி எழுத்துப் பயிற்சி பெற்றுத் தாமே எழுதலானார்.

வடுவூராரின் துணை

நீடாமங்கலத்திற்கு அண்மையில், மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் உள்ளது வடுவூர். அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட வடுவூர் துரைசாமி ஐயங்கார், அந்நாளில் புகழ்பெற்று விளங்கிய துப்பறியும் நாவலாசிரியர். கோதைநாயகியின் முதல் நாவலான ‘வைதேகி’யைப் பார்வையிட்டுத் திருத்தங்கள் கூறி ஊக்கினார். நின்றுபோன ஓர் இதழை வாங்கி நடத்தும் எண்ணத்திற்கும் அவருடைய ஊக்கம் துணைநின்றது. அவ்விதழே ‘ஜகன்மோகினி’. 1925இல் கோதைநாயகி அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார்.

இதழ்ப் பணி

பெண்களுக்கான தமிழ் இதழ்கள் அதற்கு முன்பும் இருந்தன. ‘சக்கரவர்த்தினி’ என்னும் மாதர் இதழுக்குப் பாரதியார் 1905இல் ஆசிரியராக இருந்தார். எனினும், ஒரு பெண்ணே இதழுக்கு உரிமையாளராகவும் ஆசிரியராகவும் தொடர்கதை ஆசிரியராகவும் இருந்து நெடுங்காலம் நடத்தியது அரிய நிகழ்வு. குடும்பப் பெண் பொதுவெளிக்கு வருவதா என்ற ஏச்சும் ஏளனமும் எழுந்தன. அவற்றுக்கு மறுமொழி கூறிக்கொண்டிராமல், இதழைத் தவறாது வெளியிடுவதிலேயே அவர் கருத்தூன்றினார்.

அவர் இயற்றிய நாவல்கள் 115. கைம்பெண்களின் துயர், வரதட்சணை, மதுவின் கேடு ஆகியவை அவற்றில் இடம்பெற்றன. பாத்திரங்களை நல்லவர், தீயவர் என வெளிப்படையாகப் பிரித்துக் காட்டும் அக்கதைகளில் அறிவுரை மிகுதி என்று பிற்காலத் திறனாய்வாளர் குறை காண்பதுண்டு. ஆனால், வாசிப்புப் பழக்கமே இல்லாதிருந்த அடுப்பங்கரைக்குள் அச்செழுத்தைக் கொண்டு சேர்த்தவை அக்கதைகளே. அவருடைய ‘அநாதைப் பெண்’ 1938இல் திரைப்படமாயிற்று. ‘தயாநிதி’ நாவல், அவர் மறைவுக்குப்பின் 1966இல் ‘சித்தி’ என்னும் பெயரில் திரைப்படமாக வெளிவந்தது.

நாட்டுப்பணி

காந்தியடிகளின் கொள்கைகளில் ஈடுபாடு கொண்ட கோதைநாயகி, பட்டையும் பகட்டையும் துறந்து கதராடை உடுத்தினார். இனிய குரல்வளம் உடைய அவர், மேடைகளில் பாடியும் பேசியும் விடுதலை உணர்வை ஊட்டினார். தாமே பாடல்களும் இயற்றினார். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி எதிர்ப்பிலும் பங்கேற்றுச் சிறை சென்றார். சிறைக்குள்ளும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. வெளியே கணவர் இதழைக் கவனித்துக்கொண்டார்.

இரண்டாம் உலகப்போரின்போது தாள் கிடைப்பது அரிதாயிற்று. சென்னை மக்கள் பலர் அச்சத்தால் ஊரைவிட்டு வெளியேறினர். இதழ்கள் பல நின்றன. கோதைநாயகியோ செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்து ஜகன்மோகினியைத் தொடர்ந்து நடத்தினார்.

இறுதிக்காலம்

1956இல் ஒரே மகனை இழந்த துயரம் அவர் உடலையும் உள்ளத்தையும் தளர்த்தியது. காசநோய்க்கு ஆளான அவர், 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் இயற்கை எய்தினார். ஆசிரியரை இழந்த ஜகன்மோகினியும் விரைவில் நின்றுபோயிற்று.

பள்ளிக்கல்வி இல்லை என்பது கோதைநாயகியின் வாழ்வில் ஒரு குறையாக இருந்தது, முடிவாக இருக்கவில்லை. கணவர், மாமியார், தோழி, மூத்த எழுத்தாளர் எனப் பலர் நீட்டிய துணையைப் பற்றிக்கொண்டு அவர் உயர்ந்தார். உயர்ந்தபின், தம் இதழின் வழியே ஆயிரக்கணக்கான பெண்களை வாசகராக்கி அந்தக் கடனைத் தீர்த்தார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ ஊரிலோ மூத்த பெண்கள் கூறும் கதை ஒன்றைக் கேட்டு, அவர் சொல்லும் நடையிலேயே எழுதி வகுப்பறையில் படித்துக் காட்டுக.

2. தஞ்சை, திருவாரூர் மாவட்ட எழுத்தாளர்கள் குறித்த செய்திகளைத் திரட்டிக் கையெழுத்து இதழ் ஒன்று உருவாக்குக.