படச்சுருள் தேடிப் போனவர்: ஏ. கே. செட்டியார்

தமிழில் பயண இலக்கியத்தை ஆராய்வோர் ஏ. கே. செட்டியாரை ஒதுக்கிச் செல்ல இயலாது. ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற அவருடைய நூலின் பெயரே பின்னாளில் அவருக்கு அடைமொழியாயிற்று. ஆனால் அவர் உலகைச் சுற்றியதற்குத் தலையாய காரணம் ஒரு திரைப்படம் என்பதை இலக்கிய அன்பர்களிற் பலர் அறியார். எழுத்தாளர்கள் அவரைப் பயணியாகக் கண்டனர்; படத்துறையினரோ பெரும்பாலும் காணவே இல்லை. அந்தக் குறையைச் சிறிதளவேனும் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

அ. கருப்பன் செட்டியார் 1911 நவம்பர் 3 அன்று செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தார். வட்டித் தொழிலும் கடல் கடந்த வாணிபமும் நிறைந்த சூழல் அது. அவரும் கடல் கடந்தார். ஆனால் கணக்குப் பேரேட்டை நாடிச் செல்லவில்லை. இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். இளம்வயதிலேயே அச்சும் எழுத்தும் கைவந்திருந்த அவருக்கு, இவற்றினும் மேலாக நிழற்படக் கலையின்மீது நாட்டம் பிறந்தது. டோக்கியோ சென்று அக்கலையை முறையாகப் பயின்றார். பின்னர் நியூயார்க்கில் ஓராண்டு கற்று, 1937-இல் பட்டயம் பெற்றார். தமிழ்ப் பேசும் படம் பிறந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. கலையார்வம் கொண்ட இளைஞர்கள் நாடக மேடை வழியாகப் படக்கொட்டகைக்குள் நுழைந்த அந்நாளில், ஒளியையும் வில்லையையும் பாடமாகப் படிக்க இரு கண்டங்களுக்குச் சென்றவர் இவர். கையில் தொழில் இருந்தது. அதற்கேற்ற பொருள்தான் இன்னும் வாய்க்கவில்லை.

அது நடுக்கடலில் வாய்த்தது. 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளின் வாழ்க்கையை ஆவணப்படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அவருள் எழுந்தது. அன்று அடிகளுக்கு 68 வயது நிறைந்தது. செட்டியாருக்கு 26 நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

இந்த எண்ணத்தின் கடினத்தை இன்றைய வாசகர் எளிதில் உணரார். காந்தியைப் படம் பிடித்தவர்கள் பலர். தண்டி நடைப்பயணம், 1931-ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாடு ஆகியவற்றையெல்லாம் செய்திப்படக் குழுவினர் பதிந்திருந்தனர். ஆனால் அச்சுருள்கள் பல நாடுகளின் படநிறுவனக் கிடங்குகளில் சிதறிக் கிடந்தன. இந்தியாவில் அவற்றைத் திரட்டி வைத்த காப்பகம் ஒன்றேனும் அன்று இல்லை. தேசியத் திரைப்படக் காப்பகமே 1964-இல்தான் புனேயில் தோன்றியது. ஆகவே இப்படத்தை எடுப்பதென்றால், முதலில் தேடுவது என்றே பொருள். ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா. அவர்களின் உழைப்பை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. அவருக்குச் செல்லரித்த ஏடு. இவருக்குத் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்.

இரண்டரை ஆண்டுகள் அலைந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் மைல். தென்னாப்பிரிக்கா சென்று காந்தியடிகள் வாழ்ந்த இடங்களைப் படமெடுத்தார். ஐரோப்பிய நகரங்களில் படநிறுவனங்களின் கதவுகளைத் தட்டினார். முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த காட்சிகளாக 50,000 அடி படச்சுருள் சேர்ந்தது. ஓடவிட்டால் ஒன்பது மணி நேரத்திற்குக் குறையாது. இதற்கிடையே 1939 செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. பெருஞ்செல்வப் பின்னணியோ அரசின் ஆதரவோ இன்றி ஓர் இளைஞர் இதனைச் செய்து முடித்தார். ஆளும் அரசுக்கு உவப்பான பொருளும் அன்று அது.

கிடைத்ததில் நான்கில் மூன்று பங்கை அவர் விலக்கினார். 12,000 அடி மட்டுமே படமாயிற்று. சேர்ப்பதைக் காட்டிலும் விலக்குவதே கலைஞனுக்கு நேரும் சோதனை என்பதைக் கவிதை எழுதும் நம் அன்பர்கள் நன்கறிவர். ஊமைப்படக் காலத்துத் துண்டுகள் பேசும்படக் கருவியில் ஓடும்போது மனிதர்கள் விரைந்து துள்ளுவது போலத் தோன்றுவர். வெவ்வேறு கைகள் வெவ்வேறு வேகத்தில் எடுத்தவற்றை ஒரே ஓட்டத்தில் இணைப்பது எளிதன்று.

1940 ஆகஸ்டு 23 அன்று சென்னை ராக்ஸி திரையரங்கில் படம் தமிழ் விளக்கவுரையுடன் வெளியாயிற்று. நூம்பலிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே நகருக்குச் செல்லும் நாம் ராக்ஸி இருந்த புரசைவாக்கத்தை ஒட்டியே பலமுறை கடந்திருப்போம். அரங்கு இன்று இல்லை. காந்தியடிகளைப் பற்றிய முழுநீள ஆவணப்படம் முதலில் பேசிய மொழி தமிழ் என்ற செய்தியும் அவ்வளவாக நினைவில் இல்லை. தெலுங்கிலும் படம் வந்தது. போர்க்கால அடக்குமுறை இறுகியபோது அது பொதுப் பார்வையிலிருந்து மறைந்தது. 1947 ஆகஸ்டில், விடுதலையை ஒட்டி, இந்தி விளக்கவுரையுடன் டில்லியில் திரையிடப்பட்டது. 1953-இல் அமெரிக்கர்களுக்கென ஹாலிவுட்டில் ஆங்கிலப் பதிப்பு உருவாயிற்று. அதற்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர் குவென்டின் ரெனால்ட்ஸ் என்னும் இதழாளர்.

படம் முடிந்தபின் அவர் படத்துறையில் நிலைகொள்ளவில்லை. 1943-இல் ‘குமரி மலர்’ இதழைத் தொடங்கி, இடையீடுகளுடன் இறுதிவரை நடத்தினார். அதில் தம் எழுத்தைவிடப் பழைய இதழ்களில் மறைந்து கிடந்த பிறர் எழுத்துக்கே பெரிதும் இடம் தந்தார். பாரதியைப் பற்றிய அரிய செய்திகள் பல அதன் வழியே வெளிவந்தன. கிடங்குகளில் சுருள் தேடிய அதே கண்தான் இது என்பது என் கருத்து. அவருடைய பயண நூல்களிலும் சிறு வாக்கியங்களே மிகுதி. தன்னைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. காட்டுவதற்குரிய பொருளை முன்னே நிறுத்தித் தான் பின்னே நிற்பது ஒளிப்பதிவாளரின் இயல்பு. உரைநடை ஆய்வாளர்கள் அவர் நடையின் எளிமையைப் போற்றுவதோடு நின்றுவிடுகிறார்கள். அது எங்கே பயிலப்பட்டது என்று கேட்பதில்லை.

படம் உருவான கதையைப் பிற்காலத்தில் குமரி மலரில் எழுதினார். 1983 செப்டம்பர் 10 அன்று மறைந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, ஆ. இரா. வேங்கடாசலபதி அக்கட்டுரைகளை ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாகப் பதிப்பித்தார். ஆங்கிலப் பதிப்பின் படிகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து கண்டெடுக்கப்பட்டன. ராக்ஸியில் ஓடிய தமிழ்ப் படம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.