சொல்லோடு நில்லாத சிந்தனையாளர்

மேடையில் முழங்குபவர் எல்லாம் சமுதாயத்தின் சிந்தனைத் தலைவர் ஆகிவிடுவதில்லை. கூட்டம் கலைந்த பிறகு, கேட்டவர்களின் வாழ்வில் என்ன மாறியது என்பதே உண்மையான அளவுகோல். அந்த அளவுகோலில் உயர்ந்து நிற்பவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி.

1903-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்த அவர், 1924-இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்தார். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் கால்பதித்து மலாயா முழுதும் பயணம் செய்தபோது, சீர்திருத்தக் கருத்துகள் இங்குள்ள தமிழரிடையே வேகமாகப் பரவின. பலர் அவற்றைக் கேட்டு மகிழ்ந்ததோடு நின்றார்கள். சாரங்கபாணியோ அவற்றுக்கு அமைப்பும் ஏடும் தேவை என்று உணர்ந்தார். 1932-இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். 1935-இல் 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கினார். அதன் விலை ஒரே ஒரு காசு! கூலித் தொழிலாளியின் கையையும் அது எட்டவேண்டும் அல்லவா?

சாதியாலும் சமயத்தாலும் பிரிந்து கிடந்த தமிழரை மொழியால் இணைக்க, 1952-இல் 'தமிழர் திருநாள்' விழாவுக்கு வழிவகுத்தார். முரசின் 'மாணவர் மணிமன்ற மலர்' இளம் எழுத்தாளர் பலரை உருவாக்கியது. 1957-இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்களும் குடியுரிமை பெறப் பெரிதும் பாடுபட்டார். தலையங்கம் எழுதியதோடு கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை.

பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம் மறக்கக்கூடாத பணி ஒன்று உண்டு. அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்த வேளையில், அங்கே சமஸ்கிருதத்துக்கு முதன்மையா, தமிழுக்கு முதன்மையா என்ற கேள்வி எழுந்தது. தமிழே இந்நாட்டு இந்தியரில் பெரும்பான்மையோரின் மொழி என்று சாரங்கபாணி வாதாடினார். வாதத்தோடு நில்லாமல், 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழக வாசலையே பார்த்திராத உழைப்பாளிகளும் தங்கள் சம்பளத்திலிருந்து அள்ளித் தந்தார்கள். 1956-இல் தமிழுக்கு இடம் தந்து அத்துறை மலர்ந்தது. பின்னர் கோலாலம்பூருக்கு மாறியது.

இங்கேதான் அவருடைய தலைமையின் சிறப்பு விளங்குகிறது. உயர்கல்வித் தமிழ் என்பது படித்தவர்களின் உரிமை மட்டுமன்று. அது ஏழைத் தொழிலாளியின் உடைமையும் ஆகும் என்று அவனையே நம்பச் செய்தார். தாம் நினைத்ததை மற்றவர் தம் சொந்த எண்ணமாக ஏற்று உழைக்கும்படி செய்பவரே சிந்தனைத் தலைவர்.

1974-இல் அவர் மறைந்தார். முரசு இன்றும் ஒலிக்கிறது.

நண்பர்களே, ஜுரு தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்ற பள்ளிகளில் அகரம் பயின்று பல்கலைக்கழகம் வந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. நமக்கு முன்னால் யாரோ ஒரு தொழிலாளி கொடுத்த வெள்ளி, நாம் நடக்கும் பாதையில் கல்லாகக் கிடக்கிறது. நமக்குப் பின்னால் வருபவருக்கு நாம் எதைப் போடப்போகிறோம்? அதற்கான விடையைப் பேச்சில் தேடாமல் செயலில் தேடுவோம்.