ஐடா ஸ்கடர்: நோயை மட்டுமல்ல, நோயாளியின் வீட்டையும் பார்த்தவர்

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் பெயர் தெரியாத குடும்பம் வட தமிழகத்தில் குறைவு. அம்பத்தூர், கள்ளிக்குப்பம், ஆவடிப் பக்கத்து வீடுகளில்கூட, ஒரு நோய் கைமீறிப் போகிறது என்று தோன்றினால் வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டலாமா என்ற பேச்சு வரும். காட்பாடியில் ரயில் இறங்கி அங்கே போகும் நம் சகோதர சகோதரிகளில் பலருக்கு, அந்த மருத்துவமனை ஏன் உருவானது என்பது தெரியாது. அதன் தொடக்கத்தில் ஒரு முஸ்லிம் வீட்டு மரணமும் இருக்கிறது. அதனாலேயே அதை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கையை நம் சமுதாயம் அறிந்திருக்க வேண்டும்.

குடும்பமும் பிறப்பும்

ஐடாவின் பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவம் செய்தவர். பின்னர் சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மிஷனரிகளாகவும் மருத்துவர்களாகவும் தென்னிந்தியாவிலேயே பணியாற்றினர். ஐடா கிறிஸ்தவ மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர், தாமும் மிஷனரியாகவே வாழ்ந்தவர். இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. நாம் பார்க்கப் போவது அவர் நம் மண்ணின் நோயாளிகளுக்கு என்ன செய்தார் என்பதை.

அவர் 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தைச் சிறுமியாக நேரில் கண்டார். பசியால் வாடிய குழந்தைகளுக்கு அந்த வயதிலேயே தம் கையால் ரொட்டி கொடுத்தவர். ஆனால் அந்தக் காட்சிகள் அவரை இந்தியாவை நோக்கி இழுக்கவில்லை, விலகத்தான் வைத்தன. அமெரிக்காவில் படித்து அங்கேயே குடும்பம் நடத்தி வாழ வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். 1890-ல் தாயாருக்கு உடல்நலம் குன்றியதால், கொஞ்ச காலம் உதவிவிட்டுத் திரும்பலாம் என்று திண்டிவனத்திற்கு வந்தார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

அங்கே ஓர் இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினர். முதலில் வந்தவர் ஒரு பிராமணர். இரண்டாவதாக வந்தவர் ஒரு முஸ்லிம். மூன்றாவதாக வந்தவர் வேறொரு இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர்.

ஐடாவின் தந்தை மருத்துவர். அவரை அழைத்துப் போகும்படி ஐடா ஒவ்வொருவரிடமும் சொன்னார். அந்நிய ஆண் தம் மனைவியைப் பார்ப்பதற்கு மூவருமே சம்மதிக்கவில்லை. பெண்ணான ஐடாதான் வர வேண்டும் என்று கெஞ்சினர். அவருக்கோ மருத்துவம் தெரியாது. மூவரும் வெறுங்கையோடு திரும்பினர். பொழுது விடிந்ததும் விசாரித்தபோது, அந்த மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்திதான் கிடைத்தது.

அந்த முஸ்லிம் கணவரை நாம் எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. மனைவியைக் காப்பாற்றத்தான் அவர் இருட்டில் ஓடிவந்தார். மற்ற இரண்டு வீட்டாரும் அதே மறுப்பைத்தான் சொன்னார்கள். அதே சமயம், வேறு வழியில்லாமல் உயிருக்கு ஆபத்து நேரும்போது ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவதை மார்க்கம் தடுக்கவில்லை என்று மார்க்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தெளிவு ஒவ்வொரு வீட்டிலும் முன்கூட்டியே இருக்க வேண்டும். வலி எடுத்த பிறகு வாசலில் நின்று யோசிக்க நேரம் இருக்காது.

அந்தக் காலத்தில் சென்னை நகரில் நிலைமை சற்று மேலாக இருந்தது. 1875-லேயே சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்த மேரி ஷார்லீப் 1885-ல் தொடங்கிய மருத்துவமனைதான் நாம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி என்று அழைப்பது. பர்தா பேணும் பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்க்கும் இடம் அது. ஆனால் திண்டிவனத்துப் பெண்ணுக்கு இரவோடு இரவாகத் திருவல்லிக்கேணி வந்து சேர வழியில்லை. மருத்துவமனை இருந்தால் மட்டும் போதாது, அது வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வேலூரில் ஓர் அறை

அந்த இரவுக்குப் பிறகு ஐடா தம் முடிவை மாற்றிக்கொண்டார். அமெரிக்கா சென்று பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து 1899-ல் பட்டம் பெற்றார். அங்கே பட்டம் பெற்ற முதல் பெண்களில் அவரும் ஒருவர். ஷெல் என்ற வங்கியாளர், இறந்துபோன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் நன்கொடை அளித்தார். அந்தத் தொகையோடு 1900-ல் ஐடா வேலூருக்கு வந்தார்.

உடனிருந்து வழிகாட்டுவார் என்று நம்பியிருந்த தந்தை அதே ஆண்டு காலமானார். இளம் பெண் டாக்டரை நம்பி வருபவர்கள் முதலில் குறைவு. வீட்டில் ஒரு சிறிய அறையே மருத்துவமனை. சலோமி என்ற உள்ளூர்ப் பெண்ணைப் பழக்கித் துணைக்கு வைத்துக்கொண்டார். வேலூர் நர்ஸிங்கின் முதல் வகுப்பு அந்த அறையில்தான் நடந்தது எனலாம். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மரத்தடி மருத்துவம்

மருத்துவமனை வந்த பிறகும் ஐடாவுக்கு ஒன்று புரிந்தது. சுற்றுக் கிராமத்து மக்கள் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். காரணம் அறியாமை மட்டுமல்ல. ஒரு நாள் கூலியை விட்டு வர முடியாது. வண்டிக்குக் காசு இல்லை. பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

ஆகவே அவரே கிளம்பினார். முதலில் மாட்டு வண்டி, பிறகு பிரான்சில் செய்த ஒரு பெஜோ கார். வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் குறிப்பிட்ட மரத்தடிகளில் வாரந்தோறும் வண்டி நிற்கும். மக்கள் முன்கூட்டியே வந்து காத்திருப்பார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுவதும், கண்ணுக்கு மருந்து போடுவதும், கர்ப்பிணிகளைச் சோதிப்பதும், பெருவியாதி என்று ஒதுக்கப்பட்ட தொழுநோயாளிகளைத் தொட்டு மருத்துவம் செய்வதும் அங்கேயே நடந்தன. சமுதாய நலமருத்துவம் என்று இன்று கல்லூரிகளில் தனிப் பாடமாக நடத்துவதன் வேர் இதுபோன்ற பணிகளில்தான் இருக்கிறது.

நர்ஸ்களை உருவாக்கியவர்

ஒரு டாக்டர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? மருந்து எழுதிக் கொடுத்த பிறகு அதைச் செயல்படுத்துவது யார்? இதற்கு விடையாக 1909-ல் நர்ஸிங் பள்ளி தொடங்கப்பட்டது. டெலியா ஹௌட்டன் என்ற நர்ஸ் அதை வளர்த்தெடுத்தார். அடுத்தவர் உடலைத் தொடுவதும் மலஜலம் எடுப்பதும் இழிவு என்று சமூகம் எண்ணிய காலம் அது. மகளை அந்தப் படிப்புக்கு அனுப்பக் குடும்பங்கள் தயங்கின. அந்தத் தயக்கத்தை மீறித்தான் அந்தப் பள்ளி நின்றது.

1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஐடா தொடங்கினார். முதல் ஆண்டில் 17 பேர் சேர்ந்தனர். பெண்கள் தேறுவார்களா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். முதல் தேர்வை எழுதிய 14 பேரும் தேறினர். மாகாணத்தின் மற்றப் பள்ளிகளில் தேர்வெழுதிய ஆண்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறியிருந்தார். பின்னாளில் எம்.பி.பி.எஸ். தரம் இல்லாவிட்டால் பள்ளியை மூட வேண்டும் என்ற நிலை வந்தது. முதிய வயதிலும் ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். 1942-ல் பல்கலைக்கழக அங்கீகாரம் கிடைத்தது. 1946-ல் நர்ஸிங் பள்ளி பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவிலேயே பி.எஸ்ஸி. நர்ஸிங் முதன்முதலில் தொடங்கப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. 1960 மே மாதம், 89-ஆம் வயதில், கொடைக்கானலில் ஐடா காலமானார்.

டாக்டர் பார்ப்பதும் நர்ஸ் பார்ப்பதும்

ஐடா மரத்தடியில் அனுபவத்தால் கற்றதை, அவர் மறைவுக்குப் பின் நர்ஸிங் துறை ஒரு முறையாகவே வகுத்தது. 1973-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய நர்ஸ்கள், தாங்கள் கண்டறியும் பிரச்சினைகளுக்குத் தனிப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கத் தொடங்கினர். இதையே நர்ஸிங் டயக்னோசிஸ் என்கிறார்கள். நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டரின் வேலை. அந்த நோயோடு ஒரு மனிதர் தம் வீட்டில் வாழ்வதற்கு எது தடையாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பது நர்ஸின் வேலை.

ஓர் உதாரணம் பார்ப்போம். கள்ளிக்குப்பத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். மகன் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். மருமகள் கைக்குழந்தையோடு இருக்கிறார். டாக்டரின் சீட்டில் சர்க்கரை நோய், கால் புண் என்று இருக்கும். வீட்டுக்கு வரும் நர்ஸ் வேறு சிலவற்றைக் கவனிப்பார். பெரியவருக்குக் கண் மங்கல், தம் காலைத் தாமே பார்க்க முடியாது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் வெறுங்காலோடு நடக்கிறார். புண்ணில் கட்டு மாற்ற ஆள் இல்லை. மாத்திரை எதற்கு என்று தெரியாததால் உடம்பு நன்றாக இருக்கும் நாளில் போடுவதில்லை. ரமலான் நெருங்குகிறது, நோன்பை விட அவருக்கு மனமில்லை.

இவை ஒவ்வொன்றையும் காரணத்தோடு எழுதி, எது முதலில் என்று வரிசைப்படுத்துவதே பராமரிப்புத் திட்டம். கட்டு மாற்ற மருமகளுக்கு இன்று கற்றுக்கொடுப்பது. ஷிப்டு முடிந்து வரும் மகன் தினமும் ஒருமுறை காலைப் பார்ப்பது. வீட்டுக்குள்ளும் மென்மையான செருப்பு. நோன்பு வைக்கலாமா, வைத்தால் மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்பது. சர்க்கரை தாழ்ந்துவிட்டால் நோன்பை உடனே முறித்துவிட வேண்டும் என்று குடும்பத்தாருக்குச் சொல்லிவைப்பது. இரண்டு வாரத்தில் புண் சிறுத்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பது. சிறுக்கவில்லை என்றால் நோயாளியைத் திட்டாமல் திட்டத்தை மாற்றுவது. கவனித்தல், கண்டறிதல், திட்டமிடல், செய்தல், சரிபார்த்தல் என்று இதை ஐந்து படிகளாகச் சொல்வார்கள்.

2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வருபவர் மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல் இந்தக் கேள்விகளையும் கேட்கவும், நாம் மறைக்காமல் பதில் சொல்லவும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

பெண் மருத்துவர், பெண் நர்ஸ் வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் நம் வீட்டுப் பெண்ணை அந்தப் படிப்புக்கு அனுப்பும்போது தயங்குகிறோம். நைட் டியூட்டி, உடை, ஆண் நோயாளிகள் என்று காரணங்கள் சொல்கிறோம். இவற்றைப் பற்றிக் கல்லூரியிலும் மருத்துவமனையிலும் முன்கூட்டியே பேசித் தெளிவு பெறலாம். படிப்பையே வேண்டாம் என்று விட்டுவிட்டால், நம் பெண்களை யார் பார்ப்பார்கள்?

இது நமக்குப் புதிய துறையும் அல்ல. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ருஃபைதா (ரலி) அவர்கள் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்தார்கள். மதீனாவின் பள்ளிவாசலில் அவர்களுக்குக் கூடாரம் இருந்தது. அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள் அங்கேதான் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் நாட்களில் ஒவ்வொரு ஜமாஅத்தும் தம் மஹல்லாவில் நர்ஸிங் படிக்க விரும்பும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கட்டும். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு உதவட்டும். திண்டிவனத்தில் அந்தக் கணவர் இருட்டில் தேடி வந்தது மருத்துவம் தெரிந்த ஒரு பெண்ணை. அப்படி ஒருவர் நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் உருவாக வேண்டும், இன்ஷா அல்லாஹ்.