கடனாளிக்காகப் பேசிய நாவு



கொழும்பிலே வாழும் நமக்கு இத்தாலி முற்றிலும் அந்நியமான தேசமன்று. கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் பாதுகாவலியாகிய புனித லூசியா சிசிலித் தீவின் சிரக்கூசா நகரத்தவர். வெள்ளவத்தை ஆலயத்தின் பாதுகாவலரான புனித லோரன்ஸ் 258ஆம் ஆண்டிலே உரோமை நகரில் இரத்தம் சிந்தியவர். கொச்சிக்கடைத் திருத்தலத்திலே நாம் செவ்வாய்தோறும் தேடிச் செல்லும் புனித அந்தோனியாரோ பதுவா நகரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுபவர். ஆகவே, பிள்ளைகளின் உழைப்பினாலோ பல வருடச் சேமிப்பினாலோ இத்தாலிக்கு யாத்திரை செல்லும் வாய்ப்பினைப் பெறுகின்ற நம்மவர்கள், உறவினர் வீட்டுக்குப் போவது போன்ற உரிமையோடுதான் அந்நகரங்களுக்குப் போகிறார்கள்.

எனினும், பதுவாவில் நமது யாத்திரிகர்கள் தங்கும் நேரம் மிகக் குறைவு. பஸ்ஸை விட்டு இறங்குவார்கள்; பேராலயத்தினுள்ளே புனிதரின் கல்லறைப் பளிங்கில் கைவைத்துச் செபிப்பார்கள்; மெழுகுதிரியும் செபமாலையும் வாங்குவார்கள்; உடனே வெனிஸ் நகரை நோக்கிப் புறப்பட்டு விடுவார்கள். அவர்களை நான் குறைகூறவில்லை. பிரயாண முகவர் வகுத்துக் கொடுத்த நேரசூசி அப்படி. ஆனால், அந்தோனியாரின் வாழ்வை அறிந்து செல்பவர் அந்நகரில் இன்னுமோர் இடத்தையும் பாராமல் திரும்ப மனங்கொள்ளார். அந்த இடத்துக்குப் போகுமுன் அவரது பாதையிலே சிறிது தூரம் நடந்து பார்ப்போம்.

அந்தோனியார் இத்தாலியர் அல்லர் என்பதை நீங்கள் அறிவீர்கள். 1195ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரிலே பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பெர்னாந்து. இளமையிலேயே புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவிகளோடு சேர்ந்து, கொயிம்பிரா நகரத் துறவுமடத்திலே வேதாகமத்தையும் திருச்சபைத் தந்தையரின் நூல்களையும் ஆழ்ந்து கற்றார். 1220ஆம் ஆண்டு மொரோக்கோவிலே மறைசாட்சிகளாக மடிந்த ஐந்து பிரான்சிஸ்கன் சகோதரர்களின் உடல்கள் கொயிம்பிராவுக்குக் கொண்டுவரப்பட்டபோது அவரது உள்ளம் தீப்பற்றியது. தாமும் அவ்வாறே இரத்தம் சிந்தவேண்டும் என்று விரும்பி, பிரான்சிஸ்கன் சபையிலே சேர்ந்து, அந்தோனி என்னும் பெயரை ஏற்றுக்கொண்டு, மொரோக்கோவுக்குக் கப்பலேறினார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது மறைசாட்சி முடியன்று; கடும் நோய். மாதக்கணக்கில் படுக்கையிலே கிடந்து, ஒரு பிரசங்கமும் செய்யாமல், தாய்நாட்டுக்குத் திரும்பும் கப்பலிலே ஏற்றப்பட்டார். அந்தக் கப்பலையும் புயல் திசைமாற்றிச் சிசிலித் தீவிலே ஒதுக்கிவிட்டது. இத்தாலி மண்ணை அவர் முதன்முதலாக மிதித்தது இவ்வாறுதான். அவர் அந்நாட்டுக்கு வர எண்ணியவரல்லர். நோயாளியாகவும் அந்நியராகவும் காற்று கொண்டுவந்து சேர்த்தவர். சிசிலியின் கடலைப் பற்றி எழுதும்போது, 1996ஆம் ஆண்டு நத்தார் இரவிலே போர்த்தோபாலோ கரைக்கு அப்பால் படகோடு மூழ்கிய 280க்கும் அதிகமானோரை என்னால் மறக்க முடிவதில்லை. இந்தியர், பாகிஸ்தானியரோடு நமது நாட்டுத் தமிழரும் அவர்களுள் இருந்தனர். அந்தோனியாருக்குக் கிடைத்த கரை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1221ஆம் ஆண்டு பெந்தகோஸ்துத் திருநாளையொட்டி அசிசியிலே பிரான்சிஸ்கன் சபையின் பேரவை கூடியது. ஆயிரக்கணக்கான சகோதரர்கள் வந்திருந்தனர். கூட்டம் முடிந்து ஒவ்வொரு தலைவரும் தமக்கு வேண்டியவர்களை அழைத்துச் சென்றபோது, மெலிந்து நோயுற்றிருந்த அந்தப் போர்த்துக்கேயரை எவரும் கேட்கவில்லை. இறுதியில் ரொமாஞ்ஞா மாகாணத்தின் தலைவர் அவரை ஏற்றுக்கொண்டு, போர்லி நகருக்கு அண்மையிலுள்ள மொந்தே பவுலோ என்னும் மலைத் தவமடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த சகோதரர்களுக்குத் திருப்பலி ஒப்புக்கொடுக்க ஒரு குரு தேவைப்பட்டார், அவ்வளவே. கற்றறிந்த அம்மனிதர் அங்கே பாத்திரம் கழுவினார், தரை பெருக்கினார். தமது கல்வியைப் பற்றி வாய்திறக்கவில்லை.

மறுவருடம் போர்லியிலே ஒரு குருப்பட்டத் திருச்சடங்கு நடைபெற்றது. பிரசங்கம் செய்ய எவரும் ஆயத்தமாக வரவில்லை. அங்கிருந்த தோமினிக்கன் சபையினரும் மறுத்துவிட, மடத்துத் தலைவர் அந்தோனியாரைப் பணித்தார். அவர் தயங்கியே எழுந்தார். பேசி முடித்தபோது அவையோர் வியப்பிலே உறைந்திருந்தனர். அதன்பின் அவரது வாழ்வு வீதிகளிலேயே கழிந்தது. ரிமினியிலே மனிதர் கேளாதபோது மீன்கள் தலைநீட்டிக் கேட்டன என்னும் மரபுக்கதையை நமது பாட்டிமாரே நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். பொலோஞ்ஞாவிலே, புனித பிரான்சிஸ் அசிசியாரின் எழுத்துமூல அனுமதியோடு, சகோதரர்களுக்கு இறையியல் கற்பித்தார். தென் பிரான்சிலும் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பி, வட இத்தாலியின் சபைத் தலைவரானார்.

இப்போது பதுவாவுக்கு வருவோம்.

1231ஆம் ஆண்டுத் தவக்காலத்திலே அந்தோனியார் அந்நகரில் நாள்தோறும் பிரசங்கித்தார். ஆலயங்கள் கொள்ளாமற் போகவே மக்கள் திறந்த வெளியிலே கூடினர். பகைவர் சமாதானமாயினர், வட்டிக்காரர் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தனர், பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருக்கள் போதவில்லை என்று பழைய வரலாறு கூறுகின்றது. வணிகத்தாலும் வட்டியாலும் செழித்த நகரம் பதுவா. பிற்காலத்திலே அந்நகரின் ரெஜினால்தோ ஸ்க்ரொவேஞ்ஞி என்னும் வட்டிக்காரரைக் கவிஞர் தாந்தே தமது காவியத்தின் நரகத்திலே இருத்தினார். அவருடைய மகன் கட்டுவித்த சிற்றாலயத்தின் சுவர்களிலேதான் ஓவியர் ஜொத்தோவின் புகழ்பெற்ற ஓவியங்கள் உள்ளன. இன்று அவற்றைக் காண உலகமே திரண்டு செல்கின்றது.

அக்காலத்திலே கடனைத் தீர்க்க முடியாதவருக்குச் சிறையே விதி. சிறையில் இருப்பவர் உழைக்க முடியாது, உழையாதவர் கடனைத் தீர்க்க முடியாது. ஆகவே சிறைவாசத்துக்கு முடிவே இல்லை. பிணை கையெழுத்திட்ட அயலவருக்கும் இதே கதி. வட்டிக்காரரின் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பியதோடு அந்தோனியார் நின்றுவிடவில்லை. நகர சபையிடமும் சென்றார். அவ்வாண்டு மார்ச் மாதத்திலே பதுவா நகரம் புதிய சட்டமொன்றை இயற்றியது. தன் உடைமைகளை ஒப்படைக்கும் கடனாளியை இனிமேற் சிறையிலே வைக்கக் கூடாது; பிணை நின்றவருக்கும் இது பொருந்தும். சகோதரர் அந்தோனியின் வேண்டுகோளின்படியே இது இயற்றப்பட்டது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. பலிபீடத்தின் மனிதர் ஒருவர் நகரத்தின் சட்டப்புத்தகத்திலே இடம்பெற்றார்.

காணாமற்போன திறப்பையும் தொலைந்த அடையாள அட்டையையும் தேடித் தருபவராகவே நாம் அவரை அதிகம் அறிந்திருக்கிறோம். அதிலே தவறில்லை. ஆனால் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு மீட்க வழியின்றி வருகின்ற தாயாரும், நண்பனுக்குப் பிணை நின்று சம்பளத்தை இழக்கின்ற ஊழியரும், நுண்கடன் குழுவிலே மற்றவரின் தவணையையும் தன் தலையிலே சுமக்கின்ற வடக்குக் கிழக்குப் பெண்களும் அவரிடம் கொண்டுசெல்லும் விண்ணப்பம் அவருக்குப் புதியதன்று. அவர் அதைத் தவக்காலம் முழுவதும் கேட்டவர்.

எல்லா வேண்டுகோளிலும் அவர் வென்றுவிடவில்லை. அதே ஆண்டிலே வெரோனா நகருக்குச் சென்று, கொடுங்கோலனெனப் பெயர்பெற்ற எஸ்ஸலீனோவிடமும் அவனுடைய கூட்டாளிகளிடமும், சிறைப்பட்டிருந்த பிரபு ஒருவரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் விடுவிக்குமாறு மன்றாடினார். வெறுங்கையோடு திரும்பினார். எஸ்ஸலீனோ அவர் காலில் விழுந்தான் என்ற கதை பிற்காலத்தது. எனக்கோ வெறுங்கையோடு திரும்பிய அந்தோனியாரே நெருக்கமானவராகத் தோன்றுகிறார்.

உடல் தளர்ந்த நிலையிலே கம்போசம்பியேரோ என்னும் ஊரில், பெரிய அக்ரூட் மரமொன்றின் கிளைகளிடையே அமைக்கப்பட்ட சிறு குடிலிலே செபித்திருந்தார். ஜூன் 13ஆம் திகதி நிலைமை மோசமாகவே, மாட்டு வண்டியிலே அவரைப் பதுவாவுக்குக் கொண்டு புறப்பட்டனர். நகரை அடையுமுன், அர்செல்லாவிலே உயிர் பிரிந்தது. வயது முப்பத்தாறு என்பது மரபு. உடலை யார் வைத்துக்கொள்வது என்று ஊரவர் பிணக்குப்பட்டதனால் அடக்கம் தாமதித்து, 17ஆம் திகதி செவ்வாய்க்கிழமை நடைபெற்றது. கொச்சிக்கடையிலே செவ்வாய்க்கிழமைகளில் நாம் நெருக்கியடித்து நிற்பதன் ஆதி அந்த நாளே.

ஓராண்டு நிறையுமுன், 1232 மே 30ஆம் திகதி, பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியார் அவரைப் புனிதராக அறிவித்தார். 1263ஆம் ஆண்டு கல்லறை திறக்கப்பட்டபோது, உடல் மண்ணாகியிருக்க நாவு மாத்திரம் அழியாதிருந்தது. அந்த நாவை இன்றும் பதுவாப் பேராலயத்திலே காணலாம். அதன் சிறு துணுக்கொன்று நமது கொச்சிக்கடைத் திருத்தலத்திலும் பேணப்படுகின்றது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்ப்புப் பெருவிழாக் காலையிலே அந்த ஆலயத்தில் நிகழ்ந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. நம்மிற் பலர் அன்று யாரையாவது இழந்தோம். அவ்வாண்டே புனிதரின் திருநாளுக்கு முன்தினம் அதன் கதவுகள் மீண்டும் திறக்கப்பட்டன.

இனி, நான் சொன்ன அந்த இடம். பேராலயத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், காய்கறிச் சந்தைகளுக்கு நடுவே பதுவாவின் பழைய நீதி மன்றம் நிற்கின்றது. கீழே தக்காளியும் திராட்சையும் விற்கிறார்கள். மேலே பரந்த மண்டபத்தின் உள்ளே ஒரு கறுப்புக் கல் இருக்கின்றது. புதிய சட்டத்தின்படி கடனாளி மேலாடை களைந்து, மக்கள் பார்த்திருக்க மூன்று முறை அதிலே உட்கார்ந்து, தன் உடைமைகளைத் துறப்பதாக அறிவிக்க வேண்டும். பின்னர் நகரைவிட்டு வெளியேற வேண்டும். வெட்கக் கல் என்று அதற்குப் பெயர். இன்று பார்க்கும் நமக்கு அது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதிலிருந்து எழுந்தவர் சிறைக்குப் போகவில்லை; வெயிலிலே நடந்து தன் வழியே போனார்.

அடுத்த முறை பதுவாவுக்குச் செல்வோர் முகவரிடம் ஒரு மணித்தியாலம் கூடுதலாகக் கேட்டுப் பெறுங்கள். திங்கட்கிழமைகளில் அம்மண்டபம் பொதுவாக மூடப்பட்டிருக்கும். செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போங்கள்.