தேனிலவுக்குப் போன ரேடியோ

புது மனைவிக்குக் கணவன் என்ன பரிசு கொடுப்பான்? புடவை கொடுப்பான். வசதி இருந்தால் வளையலோ சங்கிலியோ கொடுப்பான். அமெரிக்காவில் ஒருவர் தம் மனைவிக்கு ரேடியோப் பெட்டி கொடுத்தார். கடையில் வாங்கியது அல்ல. அவரே செய்தது.

அது 1923-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அந்தக் காலத்து ரேடியோ மேஜையை அடைத்துக்கொண்டு இருக்கும். பாட்டரி தனி. ஊதல் போன்ற ஒலிபெருக்கி தனி. கூரைமேல் ஏரியல் கம்பி தனி. அதை லேசில் இடம் மாற்ற முடியாது. இந்த மாப்பிள்ளையோ, கையோடு எடுத்துச் செல்லும்படி ஒரு ரேடியோவை அமைத்து, புளோரிடா மாநிலத்தில் உள்ள பாம் பீச் என்ற கடற்கரை ஊருக்குக் கொண்டுபோனார். கணவனும் மனைவியும் மணலில் உட்கார்ந்து, அந்த ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்த போட்டோ ஒன்று உண்டு. இன்றைய கண்ணுக்கு அது பெரிய பெட்டிதான். ஆனால் பிற்காலத்தில் வந்த டிரான்சிஸ்டர், காஸெட் ரேடியோ எல்லாவற்றுக்கும் அது பாட்டன்.

மாப்பிள்ளையின் பெயர் எட்வின் ஹோவர்டு ஆர்ம்ஸ்ட்ராங். சந்திரனில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் வேறு, இவர் வேறு. இவர் சந்திரனுக்குப் போகவில்லை. கோர்ட்டுக்குத்தான் போனார். வாழ்நாளில் பாதியை அங்கேயே கழித்தார்.

கம்பத்தின் மேல் சிறுவன்

ஆர்ம்ஸ்ட்ராங் 1890-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை புத்தகப் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். தாயார் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். சிறு வயதில் அவருக்கு ஒரு நோய் வந்தது. முகமும் தோளும் தாமாகத் துடிக்கும். இரண்டு ஆண்டுகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்தார். நோய் தீர்ந்தது. ஆனால் மனம் பதறும்போதெல்லாம் அந்தத் துடிப்பு மட்டும் கடைசி வரை வந்துகொண்டே இருந்தது.

குடும்பம் ஹட்சன் நதிக் கரையில் உள்ள யாங்கர்ஸ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை லண்டனிலிருந்து விஞ்ஞானிகளின் கதைகள் அடங்கிய புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். அதைப் படித்த பையன், தானும் மார்க்கோனியைப் போல ஆகவேண்டும் என்று முடிவு செய்தான். மாடி அறை முழுவதும் கம்பிச் சுருள்கள்தான். வீட்டுக்குப் பின்னால் 125 அடி உயரத்துக்கு ஏரியல் கம்பம் நட்டு, அதன்மேல் தானே ஏறி இறங்குவான். பக்கத்து வீட்டார் பயந்தார்கள். அவனுக்குப் பயம் என்பதே இல்லை.

பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்சார இன்ஜினீயரிங் படித்தார். யாங்கர்ஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போவார்.

ஊஞ்சல் வித்தை

1912-ம் ஆண்டு. அவருக்கு வயது 21. அப்போது ரேடியோ கேட்பது என்றால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்க வேண்டும். அவ்வளவு மெல்லிய ஒலி. லீ டி பாரஸ்ட் என்பவர் 1906-ல் ஒரு வால்வைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது கண்டுபிடித்தவருக்கே சரியாக விளங்கவில்லை.

ஆர்ம்ஸ்ட்ராங் அதை ஆராய்ந்தார். வால்விலிருந்து வெளியே வரும் மின்சாரத்தில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே விட்டார். ஊஞ்சல் நம் பக்கம் வரும்போதெல்லாம் லேசாக ஒரு தள்ளு தள்ளினால் அது எவ்வளவு உயரம் போகிறது! அதே கதைதான். மெல்லிய ஒலி அறை முழுவதும் கேட்கும்படி பெருகிவிட்டது. இரவு நேரம் என்றும் பாராமல் தங்கையின் அறைக்கு ஓடி, அவளை எழுப்பிக் குதித்தார் என்று சொல்வார்கள்.

அதே வால்வை இன்னும் கொஞ்சம் தள்ளினால் அது ரேடியோ அலைகளை உண்டாக்கவும் செய்தது. கேட்கும் கருவியே ஒலிபரப்பும் கருவி ஆகிவிட்டது!

இதற்குக் காப்புரிமை பெறப் பணம் வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று தந்தை மறுத்துவிட்டார். ஆகவே 1913-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, தம் கருவியின் வரைபடத்தில் நோட்டரியிடம் முத்திரை மட்டும் வாங்கி வைத்தார். அந்தத் தேதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாணய மாற்று

முதல் உலக யுத்தத்தின்போது அவர் ராணுவத்தில் சேர்ந்து பாரீசுக்குப் போனார். மேஜர் பதவி கிடைத்தது. 1918-ல் அங்கேதான் இரண்டாவது கண்டுபிடிப்பைச் செய்தார். அதன் பெயர் சூப்பர்ஹெட்டரோடைன். பெயர்தான் வாயில் நுழையாது. விஷயம் எளிது.

ஒவ்வொரு ரேடியோ நிலையமும் ஒவ்வொரு அலைவரிசையில் வருகிறது. அத்தனைக்கும் தனித்தனியாகக் கருவியைச் சரிசெய்வது பெரும்பாடு. பல நாட்டு நாணயங்களோடு வரும் பயணிகள், எல்லையில் அவற்றை ரூபாயாக மாற்றிக்கொண்டால் கடைக்காரருக்குத் தொல்லை இல்லை அல்லவா? அப்படி எந்த நிலையத்தின் அலை வந்தாலும் அதை ஒரே ஓர் அலைவரிசைக்கு மாற்றிவிடுவது ஆர்ம்ஸ்ட்ராங்கின் தந்திரம். பிறகு அதைப் பெருக்குவது சுலபம். நிலையங்கள் ஒன்றோடொன்று கலக்காது. மேஜைமேல் இருந்த பல திருகுகளுக்குப் பதில் ஒரே திருகு போதும் என்ற நிலை வந்தது.

நம் வீடுகளில் டூ இன் ஒன் என்று சொன்னோமே, அந்தக் காஸெட் ரேடியோவின் முதுகைக் கழற்றிப் பார்த்தால் இந்தத் தந்திரத்தைக் கண்ணால் காணலாம். சர்க்யூட் பலகையில் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சிறு சிறு தகர டப்பிகள் வரிசையாக நிற்கும். தலையில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று நிறம் இருக்கும். மெக்கானிக்குகள் ஐ.எப். காயில் என்பார்கள். மாற்றிய அலையைப் பெருக்கும் இடம் அதுதான். பழைய காஸெட் ரேடியோக்களைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இன்று பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ட அனுபவம் ஒன்று உண்டு. காஸெட்டைச் சுற்றும் ரப்பர் பெல்ட் நாளடைவில் பிசின் போல உருகிவிடும். டேப் ஓடாது. ஆனால் நல்ல பாட்டரி போட்டால் ரேடியோ மட்டும் பெரும்பாலும் பாடிவிடும்.

கோபுரமும் காதலும்

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவருக்குச் செல்வம் குவிந்தது. 1920-ல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி அவருடைய இரு கண்டுபிடிப்புகளையும் 3 லட்சத்து 35 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. 1922-ல் மற்றொரு கண்டுபிடிப்புக்காக ஆர்.சி.ஏ. கம்பெனி 2 லட்சம் டாலரும் 60 ஆயிரம் பங்குகளும் கொடுத்தது.

ஆர்.சி.ஏ.யில் டேவிட் சர்னாப் என்ற பெரிய அதிகாரி இருந்தார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் பழைய நண்பர். 1914-ல் ஒரு கடுங்குளிர் இரவில், ஒரு கொட்டகையில் உட்கார்ந்து, புதுக் கருவியில் தூர தேசத்து நிலையங்களை இருவரும் விடிய விடியக் கேட்டவர்கள். சர்னாப்பின் அலுவலகத்துக்கு அடிக்கடி போன ஆர்ம்ஸ்ட்ராங், அங்கே காரியதரிசியாக இருந்த மரியன் மெக்கின்னஸ் என்ற பெண்ணைக் காதலித்தார்.

அந்தப் பெண்ணைக் கவருவதற்காக அவர் செய்த காரியத்தை எந்தப் பெற்றோரும் மெச்சமாட்டார்கள். 1923 மே மாதம், நியூயார்க் நடுவே ஒரு கட்டடத்தின் உச்சியில் ஆர்.சி.ஏ. அமைத்திருந்த ரேடியோ கோபுரத்தில் ஏறி, அதன் நுனியில் இருந்த உருண்டையின்மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கீழே தெரு 400 அடி ஆழத்தில் இருந்தது. போட்டோவை மரியனுக்கு அனுப்பினார். சர்னாப் கடும் கோபம் கொண்டு, இனி அந்தப் பக்கமே வரக்கூடாது என்று தடை போட்டார். டிசம்பர் 1-ந் தேதி கல்யாணம் நடந்தது. பிறகுதான் அந்தத் தேனிலவு ரேடியோ.

தோற்ற வழக்கு

இதற்குள் வழக்கு தொடங்கிவிட்டது. ஊஞ்சல் வித்தையை முதலில் செய்தது நான்தான் என்று டி பாரஸ்ட் உரிமை கொண்டாடினார். ஒரு கோர்ட்டில் ஆர்ம்ஸ்ட்ராங் ஜெயித்தார். இன்னொன்றில் டி பாரஸ்ட் ஜெயித்தார். வழக்கு சுமார் 20 ஆண்டுகள் நீண்டது. 1934-ல் சுப்ரீம் கோர்ட்டு டி பாரஸ்ட் பக்கம் தீர்ப்புக் கூறிவிட்டது. அந்தத் தீர்ப்பில் விஞ்ஞானமே தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தது என்று ரேடியோ இன்ஜினீயர்கள் வருந்தினார்கள்.

இன்ஜினீயர்கள் சங்கம் 1917-ல் தன் முதல் கௌரவப் பதக்கத்தை அவருக்குத்தான் அளித்திருந்தது. கண்டுபிடிப்பு என்னுடையது அல்ல என்று நாடே சொல்லிவிட்ட பிறகு பதக்கம் எதற்கு என்று அதைத் திருப்பிக் கொடுக்க, பிலடெல்பியாவில் நடந்த மாநாட்டுக்குப் போனார். சங்கம் வாங்க மறுத்துவிட்டது. கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கோர்ட்டின் தீர்ப்பைவிட அந்தக் கைதட்டல் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும்.

இடி மின்னலிலும் பாட்டு

ரேடியோவின் பரம எதிரி இரைச்சல். வானத்தில் மின்னல் அடித்தால் பெட்டியில் கரகர என்று சத்தம். காரணம் இதுதான். பழைய முறையில், ஒலிக்கு ஏற்ப அலையின் பலம் கூடிக் குறையும். மின்னலும் அலையின் பலத்தைத்தான் கலைக்கிறது. பாட்டு எது, இடி எது என்று பெட்டிக்குத் தெரியாது.

ஆர்ம்ஸ்ட்ராங் பலத்தைத் தொடவே இல்லை. ஒரு நொடிக்கு எத்தனை அலை என்ற எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்தார். மின்னல் அதைக் கலைப்பது கடினம். இதுதான் எப்.எம். பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1933 டிசம்பர் 26-ந் தேதி காப்புரிமை கிடைத்தது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து சோதனை செய்தார். 1935 நவம்பரில் நியூயார்க்கில் இன்ஜினீயர்கள் கூட்டத்தில் அதை இயக்கிக் காட்டினார். யாங்கர்ஸில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து ஒலிபரப்பு. தம்ளரில் தண்ணீர் ஊற்றும் ஓசையும், காகிதத்தைக் கசக்கும் ஓசையும் பக்கத்தில் இருந்து கேட்பது போலத் தெளிவாகக் கேட்டன.

சர்னாப் மகிழவில்லை. அவர் மனம் முழுவதும் டெலிவிஷனில் இருந்தது. எப்.எம். வந்தால், இருக்கும் நிலையங்களும் பெட்டிகளும் என்ன ஆவது? எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் இருந்த கருவிகளை எடுத்துவிடும்படி ஆர்.சி.ஏ. சொல்லிவிட்டது.

ஆர்ம்ஸ்ட்ராங் சளைக்கவில்லை. நியூஜெர்சியில் ஆல்பைன் என்ற இடத்தில் தம் சொந்தப் பணத்தில் 400 அடிக்கு மேல் உயரமான கோபுரம் கட்டி, சொந்த எப்.எம். நிலையம் நடத்தினார். 1940-ல் அரசு எப்.எம்.முக்குத் தனி அலைவரிசைகள் ஒதுக்கியது. உரிமைக்காக ஆர்.சி.ஏ. 10 லட்சம் டாலர் தர முன்வந்தது. மற்றக் கம்பெனிகள் விற்பனையில் பங்கு கொடுக்கும்போது இவர்களுக்கு மட்டும் என்ன சலுகை என்று அவர் மறுத்துவிட்டார். நியாயம்தான். ஆனால் அந்த மறுப்புக்கு அவர் கொடுத்த விலை பெரிது.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. தம் கண்டுபிடிப்புகளை ராணுவம் காசு கொடுக்காமல் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்தார். அமெரிக்க டாங்கிகள் எப்.எம். கருவியில் பேசிக்கொண்டன. யுத்தம் முடியும் தறுவாயில், 1945-ல், அரசு எப்.எம். அலைவரிசையையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டது. அதுவரை ஜனங்கள் வாங்கியிருந்த எப்.எம். பெட்டிகள் லட்சக்கணக்கில் வீணாயின. இன்று நாம் கேட்கும் 88 முதல் 108 வரை உள்ள எண்கள் அன்று வந்தவைதான்.

மற்றொரு ஜனவரி 31

1948-ல் ஆர்.சி.ஏ. மீது வழக்கு தொடர்ந்தார். எதிர்தரப்பு வக்கீல்கள் அவரை ஏறத்தாழ ஓராண்டு காலம் விசாரித்தார்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை. 1950-ல் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதி ஆகின்றன அல்லவா? வருமானம் நின்றது. வக்கீல் செலவு நிற்கவில்லை. வீட்டிலும் வழக்கைத் தவிர வேறு பேச்சு இல்லை.

1953 நவம்பரில், முதுமைக் காலத்துக்கென்று மனைவியிடம் இருந்த பணத்தைக் கேட்டார். மரியன் மறுத்தார். ஆத்திரத்தில் கணப்பு அடுப்புக் கம்பியால் மனைவியின் கையில் அடித்துவிட்டார். 30 ஆண்டு இல்வாழ்க்கை. மரியன் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் தனிமையில் கழிந்தது. 1954-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி இரவு மனைவிக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, ஆர்ம்ஸ்ட்ராங் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நோட்டரி முத்திரை வாங்கி அன்றோடு 41 ஆண்டுகள் நிறைந்திருந்தன. அவருக்கு வயது 63.

மரியன் நடத்திய வழக்கு

வழக்குகளை மரியன் ஏற்று நடத்தினார். அந்த ஆண்டு டிசம்பரில் ஆர்.சி.ஏ. சமரசத்துக்கு வந்து 10 லட்சம் டாலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்தது. 14 ஆண்டுகளுக்கு முன் ஆர்ம்ஸ்ட்ராங் மறுத்த தொகையும் ஏறக்குறைய அதுவே. மரியன் அத்துடன் நிற்கவில்லை. எப்.எம். பெட்டி செய்த மற்றக் கம்பெனிகளையும் ஒவ்வொன்றாக எதிர்த்தார். கடைசியாக எஞ்சியது மோட்டரோலா. 1967-ல் அந்தக் கம்பெனியின் அப்பீலை ஏற்க சுப்ரீம் கோர்ட்டு மறுத்தது. மரியன் ஒரு வழக்கில்கூடத் தோற்கவில்லை.

1977-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி இந்தியாவின் முதல் எப்.எம். ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது. அப்போது மரியன் உயிரோடு இருந்தார். 1979-ல் காலமானார். அதற்குள் அமெரிக்காவில் பழைய முறை ரேடியோவைக் கேட்பவர்களைவிட எப்.எம். கேட்பவர்கள் அதிகமாகி இருந்தார்கள்.

ஆல்பைன் கோபுரம் இன்னும் நிற்கிறது. 2001 செப்டம்பரில் உலக வர்த்தக மையம் இடிந்து, அதன் உச்சியில் இருந்த டெலிவிஷன் ஏரியல்கள் அழிந்தபோது, நியூயார்க்கின் சில டெலிவிஷன் நிலையங்கள் இந்தப் பழைய கோபுரத்திலிருந்துதான் ஒளிபரப்பைத் தொடர்ந்தன.